சி-276 சுருள்குழாயின் காப்புப் படலத்தை எந்தச் சோதனை காட்டும்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றின் பராமரிப்புப் பொறியாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. ரியாக்டருக்குள் இருக்கும் சி-276 நிக்கல் கலவைச் சுருள்குழாயில், வெல்டிங் இணைப்பை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை தெரிகிறது. அந்தப் பட்டைக்குள் ஊசிமுனை அளவில் குழிகள். குழாயைச் சூழ்ந்திருப்பது உப்பு கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பழுதான பகுதியை மாற்றியபோது ஒரு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, கிளம்பும் எக்ஸ் கதிரைக் கொண்டு தனிமங்களை அளக்கும் ஈ.டி.எக்ஸ். சோதனை செய்து, 'நிக்கல் 57, குரோமியம் 16, மாலிப்டினம் 16 சதவீதம், சிறிதளவு ஆக்சிஜன், ஆக்சைடு படலம் நல்ல நிலையில் உள்ளது' என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். இதை நம்பலாமா, படலத்தை உண்மையிலேயே பார்க்க வேண்டுமானால் எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

அறிக்கையின் முதல் பாதியை நம்புங்கள். இரண்டாம் பாதியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்த குழாய் சி-276 தான் என்பதற்கு அந்த எண்கள் போதுமான சான்று. சரக்கு மாறி வந்துவிட்டதா என்ற சந்தேகம் தீர்ந்தது. அதுவும் ஒரு பயன்தான். ஆனால் படலத்தை அந்தக் கருவி பார்க்கவே இல்லை. 20 கிலோவோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்டுப் பாயும் எலக்ட்ரான் கற்றை நிக்கலுக்குள் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர், அதாவது 1000 நானோமீட்டர் ஆழம் வரை இறங்கி, அங்கிருந்தெல்லாம் எக்ஸ் கதிரைக் கிளப்பிவிடுகிறது. நாம் தேடும் காப்புப் படலத்தின் தடிமனோ 1 முதல் 3 நானோமீட்டர். அதிகம் போனால் 5. வந்த தகவலில் படலத்தின் பங்கு அரை சதவீதத்தைத் தாண்டாது. வாசலில் போட்ட கோலமாவு எவ்வளவு வெள்ளை என்று அறிய, மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் வெட்டி அள்ளிய மண்ணைச் சோதித்ததற்குச் சமம் அது.

'சிறிதளவு ஆக்சிஜன்' என்ற வரியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆக்சிஜனின் எக்ஸ் கதிர்க் கோடு 0.525 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. குரோமியத்தின் எல் வரிசைக் கோடு 0.573இல். ஈ.டி.எக்ஸ். கருவியால் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிய முடிவதில்லை. குரோமியம் அதிகமுள்ள எந்த உலோகத்தை வைத்தாலும் ஆக்சிஜன் இருப்பது போன்ற ஒரு மேடு அந்த இடத்தில் எழும். இதை அறியாமல் எழுதப்பட்ட அறிக்கைகள் ஏராளம். அவற்றை நம்பி லட்சக்கணக்கில் செலவாகும் முடிவுகளை ஆலைகள் எடுக்கின்றன என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

அந்தப் படலம் எதனால் ஆனது என்று பார்த்துவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாக விளங்கும். அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரையாமல் செயலற்று நிற்பதைப் பற்றி ஷான்பைனும் ஃபாரடேயும் 1836இல் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு போர்வை உலோகத்தை மூடியிருக்க வேண்டும் என்று ஃபாரடே அப்போதே ஊகித்தார். நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் கலவைகளில் அந்தப் போர்வையை நெய்வது குரோமியம். கலவையை நீர்க்கரைசலில் வைத்ததும் மேற்பரப்பிலுள்ள நிக்கல் அணுக்கள் எளிதாகக் கரைந்து வெளியேறுகின்றன. குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் உலோகத்தில் 16 சதவீதமே இருக்கும் குரோமியம், படலத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு செறிந்து காணப்படுகிறது. உலோகத்தை ஒட்டிய உள்ளடுக்கில் குரோமியம் ஆக்சைடு. கரைசலைப் பார்த்த வெளியடுக்கில் குரோமியம், நிக்கல் ஹைட்ராக்சைடுகள். அந்த வெளிப்பகுதியில் மாலிப்டினமும், கலவையில் சிறிதளவு உள்ள டங்ஸ்டனும் ஆக்சைடுகளாகத் தங்கியிருக்கும்.

மாலிப்டினத்துக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. படலம் எங்காவது உடைந்து குழி விழத் தொடங்கினால், குழிக்குள் இருக்கும் கரைசல் கடும் அமிலமாக மாறிவிடும். அந்த நிலையில் குரோமியம் ஆக்சைடு தாக்குப்பிடிக்காது. மாலிப்டினம், டங்ஸ்டன் ஆக்சைடுகள் அமிலத்தில் எளிதில் கரையாமல் குழியின் சுவரில் படிந்து, உலோகம் கரையும் வேகத்தைத் தடுக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சி-276ஐத் தேர்ந்தெடுக்க இதுவே காரணம். 28 சதவீதம் மாலிப்டினம் உள்ள பி-2 என்ற கலவை தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இதைவிடச் சிறப்பாக நிற்கும். ஆனால் அதில் குரோமியம் ஏறக்குறைய இல்லை. அமிலத்தில் ஆக்சிஜனேற்றும் இரும்பு அயனியான ஃபெரிக் அயனி சிறிதளவு கலந்துவிட்டாலே அது சரசரவென்று கரையும். 22 சதவீதம் குரோமியம் கொண்ட சி-22 ஆக்சிஜனேற்றும் கரைசல்களில் சி-276ஐ முந்துகிறது. ஆக, நல்ல படலம், கெட்ட படலம் என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. உங்கள் ரியாக்டரில் உள்ள கரைசலுக்கு முன்னால் அது எப்படி நிற்கிறது என்பதே கேள்வி.

இப்போது கருவிக்கு வருகிறேன். நீங்கள் கேட்க வேண்டியது எக்ஸ் கதிர் ஒளிமின் எலக்ட்ரான் நிறமாலையியல், எல்லோரும் எக்ஸ்.பி.எஸ். என்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் இதை வளர்த்தெடுத்த காய் சீக்பானுக்கு 1981இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆற்றல் துல்லியமாகத் தெரிந்த எக்ஸ் கதிரை, பொதுவாக அலுமினியத்திலிருந்து வரும் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் கதிரை, மேற்பரப்பில் பாய்ச்சுகிறார்கள். அது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி எறிகிறது. வெளிவரும் எலக்ட்ரானின் வேகத்தை அளந்தால், அது அணுவில் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்பது தெரியும். எக்ஸ் கதிர் ஆழமாகத்தான் இறங்குகிறது. ஆனால் ஆழத்தில் கிளம்பும் எலக்ட்ரான்கள் வழியிலேயே மோதி ஆற்றலை இழந்துவிடுகின்றன. மேலேயுள்ள 5 முதல் 10 நானோமீட்டருக்குள் கிளம்பியவைதான் இழப்பில்லாமல் வெளியே வருகின்றன. நமக்கு வேண்டிய ஆழமும் சரியாக அதுவே.

இந்தச் சோதனையின் உயிர் தனிமத்தின் அளவில் இல்லை, அதன் வேதிநிலையில் இருக்கிறது. நிறமாலையைக் கையில் வாங்கியதும் நிக்கல் பகுதியைப் பாருங்கள். 852.6 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்மையான உச்சி நின்றால் அது உலோக நிக்கல். படலம் மெல்லியதாக இருப்பதால் அடியிலுள்ள உலோகம் அதை ஊடுருவித் தெரிகிறது என்று பொருள். அது நல்ல செய்தி. 855.6ஐ ஒட்டி அகன்ற உச்சியும், அதற்குத் துணையாக 861இல் ஒரு மேடும் இருந்தால் அது நிக்கல் ஹைட்ராக்சைடு. அடுத்துக் குரோமியம்: 574.2இல் உலோகம், 576 முதல் 577 வரை ஆக்சைடு, 577ஐத் தாண்டிய தோளில் ஹைட்ராக்சைடு. மாலிப்டினத்தில் 228ஐ ஒட்டி உலோகம், 232.5இல் ஆறிணைதிற மாலிப்டினம். ஆக்சிஜனையும் விடாதீர்கள்: 530இல் ஆக்சைடு, 531.5இல் ஹைட்ராக்சைடு, 533இல் ஒட்டியுள்ள நீர். உறுதியான படலத்தில் நிக்கலின் பெரும்பகுதி உலோகமாகவும், குரோமியத்தின் பெரும்பகுதி ஆக்சைடாகவும் தெரியும். நிக்கலில் ஹைட்ராக்சைடு உச்சி ஓங்கி, குரோமியம் ஆக்சைடு மெலிந்திருந்தால் அந்த இடத்தில் படலம் பலவீனம். ஆக்சைடு உச்சிக்கும் உலோக உச்சிக்கும் உள்ள பரப்பு விகிதத்திலிருந்து தடிமனையும் கணக்கிட்டுவிடலாம். அதை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்; பலர் தாமாகத் தருவதில்லை.

இரும்பில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. அலுமினியக் கதிரைப் பயன்படுத்தும்போது, நிக்கலின் ஆஜே உச்சி ஒன்று (எலக்ட்ரானை இழந்த அணு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது எறியும் இன்னோர் எலக்ட்ரானால் வருவது) இரும்பு விழ வேண்டிய 710ஐ ஒட்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெல்டிங்குக்குப் பிறகு சாதாரண எஃகுக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் சக்கரத்தையோ கம்பித் தூரிகையையோ கொண்டு தேய்த்திருந்தால் இரும்புத் துகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. உங்கள் சந்தேகப் பட்டியலில் அது கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இந்த உச்சியைப் பார்த்து 'இரும்பு இருக்கிறது' என்று எழுதிவிட்டால் விசாரணை முழுவதும் தவறான திசையில் போய்விடும். 1253.6 எலக்ட்ரான் வோல்ட் உள்ள மெக்னீசியக் கதிருக்கு மாற்றி எடுத்தால் நிக்கலின் அந்த உச்சி வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். ஆய்வகத்தில் இரட்டைக் கதிர் மூலம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குரோமியத்தின் வேதிநிலை பற்றி வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடுவோர் கையாள்வது மூவிணைதிறக் குரோமியம். 'வெட் ப்ளூ' தோலின் நீலச் சாயல் அதிலிருந்து வருகிறது. சிப்காட்டில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேட்டிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கி, தண்ணீரை மஞ்சளாக்குவது ஆறிணைதிறக் குரோமியம். ஒரே தனிமம், முதலாவது எளிதில் கரையாமல் மண்ணோடு தங்கிவிடும், இரண்டாவது நீரோடு ஓடும், நஞ்சாகும். பாலாற்றங்கரையில் நமக்குத் தெரிந்த இந்த வேறுபாடே உங்கள் சுருள்குழாயின் ஆயுளையும் முடிவு செய்கிறது. காப்புப் படலம் மூவிணைதிறக் குரோமியத்தால் ஆனது; கரையாததால்தான் அது காப்பு. கரைசலில் ஹைப்போகுளோரைட் போன்ற வலுவான ஆக்சிஜனேற்றி சேர்ந்து, உலோகத்தின் மின்னழுத்தம் ஓர் எல்லைக்கு மேல் ஏறிவிட்டால், படலத்தில் உள்ள குரோமியம் ஆறிணைதிற நிலைக்கு மாறிக் கரைந்துவிடும். படலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ரியாக்டரைக் கழுவ யாராவது பிளீச்சிங் கரைசல் பயன்படுத்துகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆறிணைதிறக் குரோமியம் மேற்பரப்பில் எச்சமாக ஒட்டியிருந்தால் எக்ஸ்.பி.எஸ்.இல் 579.5ஐ ஒட்டித் தனியாகத் தெரியும். ஆனால் நெடுநேரம் எக்ஸ் கதிர் பட்டால் அது மூவிணைதிறமாக ஒடுங்கிவிடும் இயல்புடையது. ஆகவே மற்ற தனிமங்களை எல்லாம் எடுத்து முடித்துக் கடைசியில் குரோமியத்துக்கு வராமல், முதலிலேயே குரோமியத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக ஆழவாரிச் சோதனை செய்யட்டுமா என்று ஆய்வகத்தில் கேட்பார்கள். ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பை அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டே ஒவ்வோர் அடுக்கிலும் நிறமாலை எடுப்பது அது. வரைபடம் கண்ணைக் கவரும். ஆனால் 2 நானோமீட்டர் படலத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்கான் அயனி அணுக்களை வெளியே எறிவதோடு நிற்பதில்லை. மேலுள்ளவற்றைக் கீழே தள்ளிக் கலக்கிவிடுகிறது. நிக்கல் ஆக்சைடை உலோக நிக்கலாகவும், ஆறிணைதிற மாலிப்டினத்தை நாலிணைதிறமாகவும் அதுவே ஒடுக்கிவிடும். அப்புறம் வரைபடத்தில் தெரியும் நாலிணைதிற மாலிப்டினம் உங்கள் ரியாக்டரில் உண்டானதா, ஆய்வகத்தில் உண்டானதா என்று யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையில் 'ஆழம்' என்று போடும் எண்ணும் பெரும்பாலும் டான்டலம் ஆக்சைடையோ சிலிக்கான் ஆக்சைடையோ சீவிய வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. மாறாக, துண்டைச் சாய்த்து எடுக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரானை மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடிப்பதற்குப் பதில், மேற்பரப்பிலிருந்து 30 பாகைக் கோணத்தில் பிடித்தால், தகவல் வரும் ஆழம் பாதியாகக் குறையும். இரண்டு கோணங்களில் எடுத்து ஒப்பிட்டால், எது வெளியடுக்கு, எது உள்ளடுக்கு என்பது படலத்துக்குச் சேதமில்லாமல் தெரிந்துவிடும்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஜே எலக்ட்ரான் நிறமாலையியல் பத்து நானோமீட்டர் அளவுள்ள இடத்தைக்கூடத் தனியாகச் சோதிக்கும். குழியின் விளிம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க அது உதவும். ஆனால் அதன் எலக்ட்ரான் கற்றை மெல்லிய ஆக்சைடைச் சிதைக்கவும் கூடும். டோஃப்-சிம்ஸ் எனப்படும் இரண்டாம்நிலை அயனிப் பொருண்மையளவி மிக நுண்ணிய அளவிலுள்ள குளோரைடையும் காட்டும். இருக்கிறதா என்று கேட்க அது நல்லது, எவ்வளவு என்று கேட்க நல்லதல்ல. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்ப்பது அழகான சான்று. ஆனால் ஒரு சில மைக்ரோமீட்டர் நீளத்தை மட்டுமே பார்ப்பீர்கள், செலவும் அதிகம். ராமன் நிறமாலையும் ஒளிர்வு மின்னிறக்க முறையும் தடித்த படலங்களுக்கு உரியவை. அணு உலையின் உயர்வெப்ப நீரில் இருக்கும் நிக்கல் கலவைக் குழாய்களில் வளரும் ஆக்சைடுக்கு அவை கச்சிதமாகப் பொருந்தும். உங்கள் சிக்கலுக்கு இவற்றில் எதுவும் முதல் தேவை அல்ல.

பழுப்புப் பட்டைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல் அது. காப்புப் படலத்துக்கு நிறம் கிடையாது; ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்ட, 2 நானோமீட்டர் போதாது. மஞ்சள், பழுப்பு, நீலம் என்று கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அங்கே பத்துக்கணக்கான நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு வளர்ந்திருக்கிறது. வெல்டிங் சூட்டில், ஆர்கான் பாதுகாப்புப் போதாமல் காற்று பட்ட இடத்தில் அப்படி வளரும். தடிமன் கூடினால் காப்பும் கூடும் என்று பலரும் எண்ணுகிறார்கள்; நடப்பது நேர்மாறு. அந்த ஆக்சைடு வளர்வதற்கு வேண்டிய குரோமியத்தை அடியிலுள்ள உலோகத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குக் கீழே குரோமியம் வறண்ட ஓர் அடுக்கு உருவாகிவிடும். மேலேயுள்ள தடித்த ஆக்சைடு விரிசலும் துளையுமாக இருக்கும். அமிலம் அதன் வழியே நுழைந்து, ஏழ்மைப்பட்ட அடுக்கைத் தின்னத் தொடங்கும். குழி அங்கேதான் பிறக்கிறது.

வேலூருக்கு இருதய நோயாளிகள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இரத்தக் குழாயில் தானே விரிந்துகொள்ளும் ஸ்டென்ட்கள் பலவும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த நைட்டினால் கலவையில் செய்யப்பட்டவை. அங்கே காப்பு, டைட்டானியம் ஆக்சைடு படலம். அதிலும் இதே கதைதான்: சூடேற்றியதால் நீலம் பாய்ந்த தடித்த ஆக்சைடு உள்ள கம்பியிலிருந்து நிக்கல் அதிகமாகக் கசிகிறது. மின்மெருகூட்டி, சில நானோமீட்டர் படலம் மட்டும் இருக்குமாறு செய்த கம்பியிலிருந்து மிகக் குறைவாகக் கசிகிறது. உயிரோடு தொடர்புடைய துறை என்பதால் அவர்கள் மேற்பரப்பை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள். அமிலம் நிரம்பிய ரியாக்டரைச் சுற்றியும் மனிதர்கள்தான் நிற்கிறார்கள். நாமும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இனி, துண்டை எடுத்து அனுப்பும் விதம். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி தரும் முடிவை, அதற்கு முந்தைய அரைமணி நேரக் கைவேலை பாழாக்கிவிடும். கட்டிங் வீலால் வெட்டாதீர்கள். அந்தச் சூட்டில் புதிதாக ஆக்சைடு வளரும், தீப்பொறியோடு இரும்பும் தெறித்து ஒட்டும். கை ரம்பத்தாலோ மெதுவாகச் சுழலும் வைர வெட்டியாலோ, எண்ணெய் கலந்த குளிர்விப்பான் இல்லாமல் வெட்டுங்கள். பார்க்க வேண்டிய பரப்பிலிருந்து வெட்டு தள்ளியே இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் சதுரம் போதும். குழாயின் வளைவு குறைவாக உள்ள பக்கமாகப் பாருங்கள்.

கழுவுவதில்தான் நம் பகுதியில் தவறு அதிகம் நடக்கிறது. குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள உப்பு காய்ந்ததும் மேற்பரப்பில் படிந்துவிடும். எக்ஸ்.பி.எஸ்.இல் 198 முதல் 200 எலக்ட்ரான் வோல்ட்டில் குளோரைடு அழகாகத் தெரியும். உடனே 'குளோரைடு படலத்துக்குள் ஊடுருவியிருக்கிறது' என்று ஒரு முடிவு எழுதப்படும். அது கழுவிய தண்ணீரின் உப்பு என்று யாருக்கும் தோன்றாது. கொதிகலனுக்கு வைத்திருக்கும், உப்பு நீக்கிய டி.எம். வாட்டர் உங்கள் ஆலையிலேயே இருக்கும். அதில் இரண்டு முறை அலசி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, எண்ணெய் கலக்காத நைட்ரஜனால் ஊதி உலர்த்துங்கள். கம்ப்ரசர் காற்று வேண்டாம். அதில் எண்ணெய்ப் பிசுக்கு வரும். துணியால் துடைக்கவே வேண்டாம். குழியின் மேல் படிந்திருக்கும் பொருளையும் ஆராய வேண்டுமென்றால், கழுவாத துண்டு ஒன்றைத் தனியாக வையுங்கள்.

பவுடர் போடாத நைட்ரைல் கையுறை அணிந்து, கவ்வியால் ஓரத்தைப் பிடியுங்கள். விரல் பட்டால் கொழுப்பும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். இந்த ஊர் வெயிலில் வியர்க்காத கை ஏது? ஜிப் வைத்த பாலிதீன் உறைகள் சிலவற்றிலிருந்து சிலிக்கோன் மேற்பரப்புக்கு ஏறிவிடும், ஒட்டுநாடாவும் அப்படித்தான். நன்றாகக் கழுவி உலர்த்திய சிறிய கண்ணாடிக் குப்பியில், பார்க்க வேண்டிய பரப்பு சுவரில் உரசாதபடி வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் அடைத்து அனுப்புங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் காற்றிலிருந்து ஒரு மெல்லிய கரிமப் படிவு ஒட்டத்தான் செய்யும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். அதன் கார்பன் உச்சியை 284.8இல் நிறுத்தித்தான் மற்ற எண்களையே நேர்செய்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கருவிக்குள் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அங்கே படலத்தின் நீர் ஆவியாகிவிடும். அமிலத்திலிருந்து வெளியே எடுத்த கணத்திலிருந்து காற்று பட்டு, சற்றே புதிய ஆக்சைடும் வளர்ந்திருக்கும். கரைசலுக்குள் உயிரோடு இருக்கும் படலம் கணந்தோறும் கரைந்து கணந்தோறும் வளர்வது. நாம் பார்ப்பது அதன் உலர்ந்த தடயம். ஆகவே, எக்ஸ்.பி.எஸ்.ஸோடு நில்லாமல், உங்கள் ரியாக்டர் கரைசலையே ஒரு லிட்டர் எடுத்துச் சென்று, அதே வெப்பநிலையில் மின்வேதிச் சோதனையும் செய்யுங்கள். மின்தடுப்பு நிறமாலையும் சுழற்சி முனைவாக்கமும் போதும். படலம் எந்த மின்னழுத்தத்தில் உடைகிறது, உடைந்த பிறகு தானே ஆறிக்கொள்கிறதா என்பதை அவை நேரடியாகச் சொல்லும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எக்ஸ்.பி.எஸ்.ஸுக்கு முதலில் போகமாட்டேன். பட்டையின் மேல், இரும்பைக் காட்டிக்கொடுக்கும் ஃபெராக்சில் கரைசலைத் தடவிப் பார்ப்பேன். நீலப் புள்ளிகள் சட்டென்று தோன்றினால் ஒட்டிய இரும்பு இருக்கிறது. சில நிமிட வேலை, செலவும் அற்பம். தடவிய துண்டை எக்ஸ்.பி.எஸ். போன்ற மேற்பரப்புச் சோதனைக்கு அனுப்பக் கூடாது. பிறகு, வெல்டிங்கைக் குறுக்காக வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பேன். குழிகள் உலோகத்தின் படிக மணிகளின் எல்லை வழியாக ஓடுகின்றனவா, மணிகளை வெட்டிக்கொண்டு போகின்றனவா என்பதே பாதி விடை. எல்லை வழியாக ஓடினால், ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வகுத்த ஜி28 சோதனை: ஃபெரிக் சல்பேட் கலந்த சல்ஃபூரிக் அமிலத்தில் 24 மணி நேரம் கொதிக்கவைத்து எடை இழப்பைப் பார்ப்பது. சி-276இல் கார்பன் 0.01 சதவீதத்துக்கும் சிலிக்கான் 0.08 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்று வைத்திருப்பதே, வெல்டிங் சூட்டில் மணி எல்லைகளில் வீழ்படிவு உருவாகாமல் இருக்கத்தான். இருந்தும், 600 டிகிரிக்கு மேல் நெடுநேரம் கிடந்தால் வீழ்படிவு உருவாகும். ஒரே இணைப்பை மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து வெல்டிங் செய்திருக்கிறார்களா என்று பதிவேட்டைப் பாருங்கள்.

அதன் பிறகு எக்ஸ்.பி.எஸ். சென்னை, காரைக்குடி, பெங்களூரு ஆய்வு நிறுவனங்களில் வசதி இருக்கிறது. பழுப்புப் பட்டையிலிருந்து ஒன்று, அதே குழாயில் வெல்டிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நல்ல பகுதியிலிருந்து ஒன்று, ஸ்டோரில் உள்ள பயன்படுத்தாத குழாயிலிருந்து ஒன்று என மூன்று துண்டுகளையும் ஒரே நாளில், ஒரே நிலைமையில் சோதிக்கச் சொல்லுங்கள். தனியாக ஒரு துண்டின் எண் எதையும் சொல்லாது. ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் பேசும். நல்ல பகுதியில் குரோமியம் செறிந்த மெல்லிய படலமும், பட்டையில் தடித்த ஆக்சைடும் தெரிந்தால், குற்றம் வெல்டிங் முடித்த விதத்தில் இருக்கிறது. கலவையை மாற்ற வேண்டாம். நிறம் தெரியும் இடத்தையெல்லாம் நிக்கல் கலவைக்கென்றே ஒதுக்கிய புதிய அலுமினியம் ஆக்சைடு சக்கரத்தால், அடியிலுள்ள குரோமியம் வறண்ட அடுக்கோடு சேர்த்து, சூடேறாமல் தேய்த்து எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகின் ஆக்சைடைக் கரைக்கப் பூசும் பிக்ளிங் எனப்படும் அமிலப் பசை மட்டும் போதாது. இந்தக் கலவையின் வெல்டிங் ஆக்சைடு அதற்கு எளிதில் அசையாது. அடுத்த முறை இணைக்கும்போது குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கான் செலுத்தச் சொல்லுங்கள். வெல்டர் டார்ச்சை அணைத்த பிறகும் இணைப்பு ஆறும் வரை வாயு ஓடட்டும். நல்ல பகுதியிலேயே படலம் நலிந்து, மாலிப்டினமும் குரோமியமும் குறைந்து காணப்பட்டால் வெல்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது கரைசலை ஃபெரிக் அயனிக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும் சோதித்துவிட்டு, சி-22 போன்ற குரோமியம் கூடிய கலவையின் விலையை விசாரிக்கத் தொடங்குங்கள்.